விருந்துக்கு ஓர் இடம்



மும்பையிலோ தில்லியிலோ நாகபுரியிலோ பணிபுரியும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். குழந்தைக்கு முதல் முடி இறக்குவதற்காக அக்குடும்பம் திருமலைக்கு வருகின்றது. வேலூரிலிருந்து தாய்மாமன் வருகின்றார். காஞ்சியிலிருந்து பாட்டனார் வருகின்றார். சித்தூரிலிருந்து சிற்றன்னையும் அவர் மக்களும் வந்து சேர்கின்றனர். தாய்மாமன் மடியில் குழந்தையை அமர்த்தி முடி இறக்கி, வழிபாட்டை முடித்து, மலையினின்று இறங்கும்பொழுது மாலை ஆகிவிடுகின்றது. கூடியிருப்போர் இருபது பேர். எண்பது வயதினரும் அவருள் உண்டு; பால் மறவாத குழந்தையும் உண்டு. அந்நேரத்தில் ஒரு வினா எழுகின்றது: இன்றைய விருந்தை எங்கே உண்பது?

எளிய வினாவே. ஆனால் விடை எளிதன்று. நாள் சிறந்த நாள். ஆகவே விருந்தும் சிறந்திருத்தல் வேண்டும். மாதச் சம்பளமோ அளவுடையது. ஆகவே செலவும் அளவோடு நிற்றல் வேண்டும். ஒருவர் கையில் ஒரு விடுதியின் பெயர் இருக்கும். மற்றொருவர் நாவில் வேறொரு விடுதியின் சுவை இருக்கும். கடைசியில் யாரோ ஒருவர், "எங்கே கூட்டம் குறைவோ அங்கே போவோம்" என்று முடித்துவிடுவார். இப்படி நிலையத்திலும் தெருமுனையிலும் நின்று விருந்துக்கு இடம் தேடிய அனுபவம் வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர் பலருக்கும் உண்டு.

இந்த வினா இன்று பிறந்ததன்று. வேங்கட மலையின் அடிவாரத்தில், இன்றைய திருப்பதி, சித்தூர் மாவட்டங்கள் அடங்கிய நிலப்பரப்பில், வழிநடந்து வந்தோர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கேட்டுவந்த வினா இது. அதற்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை தந்திருக்கின்றது. அவ்விடைகளை வரிசையாக நோக்கினால், நம் இருபது பேர் குடும்பம் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

முதலில் சங்க காலத்தை நோக்குவோம். வேங்கடம் தமிழகத்தின் வட எல்லை எனத் தொல்காப்பியப் பாயிரம் கூறுவதை நாம் அறிவோம். அம்மலையைத் திரையனுக்கு உரியதாக அகநானூறு குறிப்பிடுகின்றது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையோ, பசித்து வரும் ஒரு பாணனுக்கு வழி சொல்லும் நூல். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சேர்ந்தவை. பரிசில் பெற்று மீளும் ஒருவன் எதிரே வரும் வறியவனிடம், "இவ்வழியே செல்; இன்ன இடத்தில் இன்ன உணவு கிடைக்கும்" என்று சொல்வதே அவ்வகையின் அமைப்பு. எங்கே உண்ணலாம் என்று வழிகாட்டுவதை ஓர் இலக்கிய வகையாகவே நம் முன்னோர் வளர்த்தனர்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய அந்நூலில் எயினர் குடிசை வருகின்றது. ஆயர் பாடி வருகின்றது. உழவர் இல்லம், வலையர் குப்பம், அந்தணர் மனை ஆகியன வருகின்றன. ஒவ்வோரிடத்தும் உணவு வேறு. அந்தணர் மனையில் மாதுளங்காயோடு மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்த கறியும், மாவடுவும் கிடைக்கும். பாகிட்டு அப்பம் செய்யும் கூவியரும் அந்நூலில் குறிக்கப்படுகின்றனர். ஈண்டு நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. பாணன் எந்த வாயிலிலும் விலை கேட்கவில்லை. அவன் எந்த வாயிலிலும் தடுக்கப்படவும் இல்லை. விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். புதிதாய் வந்தவனே விருந்தினன். இலக்கியம் காட்டும் இந்நிலை அக்கால வாழ்க்கை முழுவதற்கும் பொருந்தும் என்று நாம் துணிந்து கூற மாட்டோம். ஆயினும் வழிப்போக்கனுக்குச் சோறிடுவதே சிறப்பு என்று கருதிய ஓர் உள்ளத்தை அது காட்டுகின்றது.

அடுத்த காலத்திற்குச் சான்று கூறுபவை கற்கள். திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் முதலியோர் அவற்றைப் படித்துத் தொகுத்தனர். தேவஸ்தானம் 1930களில் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. அக்கல்வெட்டுகளுள் புகழ்பெற்ற ஒன்று, பல்லவர் குடியைச் சேர்ந்த சாமவை என்னும் அரசியுடையது. கி.பி. 966ஆம் ஆண்டினது எனப் பொதுவாகக் கொள்ளப்படும் அக்கல்வெட்டு, அவ்வரசி வெள்ளித் திருமேனி ஒன்றும் அணிகலன்களும் நிலமும் வழங்கிய செய்தியைத் தெரிவிக்கின்றது. இறைவனுக்கு அமுதும் விழாவும் நடைபெறுவதற்கு நிலம் அளிப்பது அக்கால வழக்கு. அந்நிலத்தின் விளைவே மடைப்பள்ளிக்கு நெல்லாக வந்தது.

விசயநகர வேந்தர் காலத்தில், அதாவது 15, 16ஆம் நூற்றாண்டுகளில், இந்த ஏற்பாடு பெரிதும் வளர்ந்தது. பக்தர்கள் பொன்னாகவும் பணமாகவும் கோயிலில் முதல் வைத்தனர். அதற்குப் பொலியூட்டு என்று பெயர். முதல் அழியாது, அதனால் விளையும் ஊதியமே செலவாகும். ஆனால் அன்று வங்கிகள் இல்லை. அப்பணத்தைப் பெருக்கும் வழி யாது? கோயில் ஆட்சியாளராகிய தானத்தார் அப்பணத்தைக் கொண்டு கோயிலுக்குரிய ஊர்களில் ஏரி வெட்டினர், கால்வாய் தோண்டினர். நீர் பாய்ந்த நிலத்தில் கூடுதலாக விளைந்த நெல்லே அடியவர் வேண்டிய அமுதுபடிக்கு ஆயிற்று. அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இந்த முறையை விரிவாக எடுத்துக்காட்டினார். கோயிலுக்கு உரியனவாய் இருந்த ஊர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. ஒருவர் செய்த நற்பணி இறைவன் திருமுன் தளிகையாகவும், எங்கோ ஒரு வறண்ட ஊரில் கால்வாயாகவும் இருவகையிற் பயன்பட்டது.

தளிகையின் வகைகளும் கல்வெட்டுகளில் உள்ளன. திருப்போனகம் என்னும் சோறு, அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி, மனோகரப்படி என்று அவை பெயர் பெறும். இன்ன படிக்கு இத்துணை அரிசி, இத்துணை நெய், இத்துணை வெல்லம், இத்துணை மிளகு என்று அளவோடு எழுதி வைத்தனர். இன்று ஒரு விடுதியில் விருந்துக்குச் சொல்லி வைப்போர், இனிப்பு எத்தனை, பொரியல் எத்தனை என்று கேட்டு எழுதிக் கொள்வதை நாம் காண்கின்றோம். அந்த வழக்கம் இக்கற்களில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருக்கின்றது.

நாம் சொல்லவந்த செய்தி இதன்பின் வருகின்றது. இறைவனுக்குப் படைத்த உணவு யாரைச் சேரும்? நான்கில் ஒரு பங்கு, கொடை கொடுத்தவருக்கு உரியது. அதற்கு விட்டவன் விழுக்காடு என்பது பெயர். எஞ்சிய பங்கு கோயிற் பணியாளர், தானத்தார், வேதமும் பிரபந்தமும் ஓதுவோர் முதலியோரிடையே பகிரப்பட்டது. கொடையாளர் தம் கால் பங்கைத் தாமே உண்ணலாம், மடத்துக்கு அளிக்கலாம், வழிவழியாகத் தம் மக்கள் பெறும்படி விடலாம், பிறருக்கு விலைக்கும் கொடுக்கலாம். இவ்வாறு விலைக்கு வந்த பிரசாதமே மலையேறி வந்த யாத்திரிகர் பலருடைய பசியை ஆற்றியது. ஆகவே வேங்கடத்தில் உணவு விலைப்பொருளானது உணவு விடுதியால் அன்று. கோயிலின் மடைப்பள்ளியால் ஆகும்.

இந்த ஏற்பாட்டை நாம் போற்றலாம். ஆனால் அதன் எல்லையையும் மறைத்தல் ஆகாது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாளுவ நரசிம்மன் ஆதரவில் திருமலையிலும் திருப்பதியிலும் இராமாநுச கூடங்கள் அமைந்தன. கந்தாடை இராமாநுச ஐயங்கார் அவற்றை மேற்பார்த்தார். அவை வைணவ அடியார்க்குச் சோறிடும் நிலையங்கள். அதாவது, இன்னாருக்கு என்று எல்லை கட்டிய சோறு அது. பின்னாளில் எழுந்த சத்திரங்களும் பெரும்பாலும் அவ்வாறே. இன்ன வகுப்பார் தங்கலாம், இன்னார் உள்ளே உண்ணலாம், இன்னார் திண்ணையோடு நிற்க வேண்டும் என்பன எழுதப்பட்டும் எழுதப்படாமலும் விதிகளாய் இருந்தன. ஒடுக்கப்பட்ட மக்களுக்கோ கோயில் வாயிலே அடைபட்டிருந்தது. பந்தியைப் பற்றிப் பேசவே இடமில்லை. ஏரி வெட்டிய கைகளுள் எத்தனை கைகள் அந்த அதிரசத்தைத் தொட்டிருக்கும் என்று எண்ணும்போது நம் உள்ளம் பெருமையோடு நின்றுவிடுவதில்லை.

19ஆம் நூற்றாண்டின் வழிநடைப் பயணம் எத்தகையது என்பதற்கு ஏனுகுல வீராசாமி எழுதிய காசி யாத்திரை வரலாறு நல்ல சான்று. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராய் இருந்த அவர், 1830ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் பெரும் பரிவாரத்தோடு சென்னையினின்று புறப்பட்டுத் திருப்பதி வழியாகக் காசிக்குச் சென்றார். தெலுங்கில் அவர் எழுதிய நாட்குறிப்பு, தங்குமிடந்தோறும் கடை உண்டா, தண்ணீர் நல்லதா, தங்க வீடு கிடைக்குமா என்று குறிக்கின்றது. கடையில் அரிசியும் பருப்பும் வாங்கித் தம் சமையலாள் கையால் சமைத்து உண்பதே வசதியுள்ளோர் முறை. வசதியில்லாதார் கட்டுச்சோற்றையும் சத்திரத்தையும் நம்பினர். காசு கொடுத்து அமர்ந்து உண்ணும் விடுதி என்பது அன்றைய பயணிக்குப் பழக்கமானதன்று. அறியாதார் கையால் உண்ணுதல் தகாது என்ற எண்ணமே அதற்குப் பெருந்தடையாய் நின்றது.

அத்தடையைத் தளர்த்தியது நீராவி வண்டி. 1871இல் சென்னையிலிருந்து சென்ற இருப்புப் பாதையும் மும்பையிலிருந்து வந்த பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. அவ்வழியில் உள்ள ரேணிகுண்டா, திருப்பதி யாத்திரிகரின் இறங்குதுறை ஆயிற்று. 1890களின் தொடக்கத்தில் விழுப்புரம், காட்பாடி, பாகாலா வழியாகச் சென்ற மீட்டர் பாதை சித்தூரையும் திருப்பதியையும் தென்னாட்டோடு பிணைத்தது. வண்டியிலே எல்லா வகுப்பாரும் ஒரே பலகையில் அமர்ந்தனர். சமையலாளையும் பாத்திரங்களையும் உடன் கொண்டு செல்வது இனி இயலாததாயிற்று. நிலையத்தில் வண்டி நிற்கும் நேரமோ சில நிமிடங்கள். பசித்த வயிறு அந்த நிமிடங்களுக்குள் முடிவெடுக்க வேண்டியதாயிற்று.

சித்தூரின் வளர்ச்சியும் இதனோடு சேர்ந்தது. 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராய் இருந்ததும் சித்தூரே. கலெக்டர் கச்சேரியும் நீதிமன்றமும் இருக்கும் ஊருக்கு வழக்காடிகள் வருவர். மனுக் கொடுப்போர் வருவர். வெல்லமும் மாங்காயும் விற்க உழவர் வருவர். அத்தகைய ஊர்களில் எழுந்தவையே காபி கிளப்புகளும் சாப்பாட்டு ஓட்டல்களும். உடுப்பியைச் சூழ்ந்த தென் கன்னட ஊர்களிலிருந்து வந்தோர் இத்தொழிலில் பெயர் பெற்றனர். அன்று அவ்வூர்களும் சென்னை மாகாணத்தையே சேர்ந்தவை. விலைப்பட்டியலைச் சுவரில் எழுதி மாட்டியது அவர்கள் செய்த பெரிய மாற்றம். உண்ணுமுன் விலை தெரியும். விலை தெரிந்தால் ஏழையும் கூசாமல் அமரலாம்.

அமரலாம் என்று சொன்னோம். எல்லாரும் அமர்ந்தனரா? இல்லை என்பதே வரலாறு தரும் விடை. சென்னை மாகாணத்து விடுதிகள் பலவற்றில் பிராமணர்க்கு ஓர் அறையும் ஏனையோர்க்கு ஓர் அறையும் இருந்தன. இருப்புப் பாதை நிலையங்களின் உணவறைகளிலும் இப்பாகுபாடு நிலவியது. தாழ்த்தப்பட்டோர்க்கு எந்த அறையும் இல்லை. கையில் காசிருந்தும், உடையில் தூய்மையிருந்தும், வாயிற்படியைத் தாண்ட இயலாத மனிதர்கள் அன்று இலட்சக்கணக்கில் இருந்தனர். நாம் இன்று 'பட்ஜெட்' என்று எதைச் சொல்கின்றோமோ அது அவர்களுக்கு இரண்டாம் கவலை. முதற்கவலை, உள்ளே விடுவார்களா என்பது.

அந்த வாயில் தானே திறந்துவிடவில்லை. நிலைய உணவறைகளின் பாகுபாடு பெரியார் முதலியோர் நடத்திய கிளர்ச்சிக்குப் பின் 1941இல் விலக்கப்பட்டது. 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வந்து, திருமலை உள்ளிட்ட கோயில்களின் கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடை, பொது உணவகம், தங்கும் விடுதி ஆகியவற்றுள் நுழைவதற்குச் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டித் தடை செய்தல் ஆகாது என்று விதித்தது. உயர்ந்த கொள்கைகளை வகுத்த அந்த நூலில் சாப்பாட்டு விடுதிக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கின்றனர் அறிஞர் அம்பேத்கர் முதலிய பெரியோர். அதன் தேவையைத் தம் வாழ்விலேயே அறிந்தவர் அவர். 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் அத்தடையைத் தண்டனைக்குரியதாக்கியது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பெயர்ப்பலகையில் இருந்த சாதிப் பெயரை நீக்கும்படி பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நடந்தது. பலர் சிறை சென்றனர். இன்று நாம் கதவைத் தள்ளி உள்ளே நுழையும்போது ஒருவரும் நம் குலத்தைக் கேட்பதில்லை. அந்த அமைதிக்கு இத்தனை பேர் விலை கொடுத்திருக்கின்றனர்.

இதனிடையே இப்பகுதியின் எல்லைகளும் மாறின. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சேர்ந்தது. ம.பொ.சி. அவர்கள் நடத்திய வடவெல்லைக் கிளர்ச்சியையும், பட்டாஸ்கர் அவர்களின் முடிவையும் ஒட்டி, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி முதலிய ஊர்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வரைபடத்தில் கோடு விழுந்தது. ஆயினும் சித்தூருக்கும் வேலூருக்கும் இடையே உள்ள தொலைவு 35 கிலோமீட்டர் அளவே. இருமொழியும் பேசும் குடும்பங்கள் இருபுறமும் உள்ளன. சித்தூர் விடுதியில் பரிமாறுவோர் 'சாரு' என்பார். நாம் இரசம் என்போம். நம் வைணவ இல்லங்களில் அதுவே சாற்றமுது. அவர் 'பப்பு' என்பது நமக்குப் பருப்பு. அவர் 'சங்கட்டி' என்பது நமக்குக் கேழ்வரகுக் களி. சொல் மாறினாலும் இலையில் அந்தந்த இடம் மாறுவதில்லை.

மலைமேல் நிகழ்ந்த மாற்றமும் பெரிது. 1944ஆம் ஆண்டு ஏப்ரலில் முதல் மலைச்சாலை திறக்கப்பட்டது. அதுவரை அலிபிரிப் படிகளில் நடந்தும் டோலியில் அமர்ந்தும் ஏறிய மக்கள் பேருந்தில் ஏறத் தொடங்கினர். 1974இல் இரண்டாம் சாலையும் வந்தது. கூட்டம் ஆயிரங்களாகப் பெருகியது. கட்டுச்சோறும் சத்திரமும் இனிப் போதா. 1985ஆம் ஆண்டு ஏப்ரலில், என்.டி. ராமராவ் முதலமைச்சராய் இருந்த காலத்தில், திருமலையில் நித்திய அன்னதானம் தொடங்கியது. 2011ஆம் ஆண்டு சூலையில் அதற்கெனப் பெருங்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டா என்னும் ஊரிற் பிறந்த பக்தைக் கவிஞர் வெங்கமாம்பாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதன் நான்கு கூடங்களிலும் ஒரே வேளையில் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து உண்ணலாம். சீட்டு வேண்டியதில்லை, கட்டணம் இல்லை. தொழிலதிபருக்குப் பக்கத்தில் கூலியாள் அமர்கின்றார்; யார் எக்குலம் என்று யாரும் வினவுவதில்லை.

இதில் வரலாற்று மாணவர் வியக்கத்தக்க ஓர் ஒற்றுமை உண்டு. அன்னதானத்துக்குப் பக்தர் தரும் நன்கொடை வங்கிகளில் முதலாக வைக்கப்படுகின்றது; அதன் வட்டி சோறாகின்றது. முதல் அழியாமல் ஊதியத்தைச் செலவிடும் அப்பழைய பொலியூட்டு முறையே இது. ஏரிக்கும் கால்வாய்க்கும் பதிலாக வங்கி வந்துள்ளது. ஆனால் ஒரு வேறுபாடு பெரிது. அன்று கொடையாளர் நான்கில் ஒரு பங்கைப் பெற்றார். இன்று கொடையாளரும் கொடாதவரும் பெறுவது ஒரே இலைச் சோறு.

இனி நம் இருபது பேர் குடும்பத்துக்கு வருவோம். மலையடிவாரத்தில் அவர்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றனர். இவ்வரலாறு அவர்களுக்கு என்ன சொல்கின்றது?

முதலாவது, யார் உண்ணப் போகின்றார்கள் என்பதை நோக்கி இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடத்தை நோக்கி மனிதரை அமர்த்துதல் ஆகாது. எண்பது வயதுப் பாட்டனார் மாடிப்படி ஏற இயலாதவராயின், மாடியில் உள்ள குளிரூட்டிய கூடம் எவ்வளவு அழகாயினும் அவருக்கு அது மூடிய வாயிலே. குடும்பத்தோடு வந்த வண்டியோட்டி எங்கே அமர்வார் என்பதையும் கருத வேண்டும். அவரைத் தனியே அனுப்பிவிட்டு நாம் உண்ணும் விருந்து, பழைய இரண்டு அறை விடுதியை நம் கையாலேயே மீண்டும் கட்டியதாகும். இருபது பேரும் அவரும் ஒரே வரிசையில் அமரக்கூடிய நடுத்தர விடுதி, பத்துப் பேர் மட்டும் வசதியாய் அமரும் ஆடம்பர விடுதியினும் மேலானது.

இரண்டாவது, உணவின் வகை. திருமலையில் ஊனும் மதுவும் தடை செய்யப்பட்டவை. கீழே திருப்பதியில் சைவச் சாப்பாட்டு விடுதிகளும் உண்டு. அசைவ விடுதிகளும் உண்டு. சித்தூர்ப் பக்கம் செல்வோர் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் விரும்பி உண்பர்; இராயலசீமைக்கே உரிய உணவு அது. ஆயினும் கூட்டத்தில் விரதம் காப்போர் ஒருவர் இருப்பினும் அன்றைய இரவுக்குச் சைவ விடுதியே தக்கது. ஊன் உண்போர் சைவ இலையில் அமரலாம். விரதம் காப்போர் மற்றதில் அமர மாட்டார். எல்லாரும் உண்ணக்கூடியது எதுவோ அதுவே விருந்து.

மூன்றாவது, கணக்கு. கல்வெட்டில் அரிசியும் நெய்யும் அளவோடு எழுதிய மரபினர் நாம். கணக்குக் கேட்க நாணுதல் வேண்டா. இலைக்கு இத்துணை என்று விலை கூறும் முழுச் சாப்பாடு, ஒவ்வொன்றாய்ச் சொல்லி வாங்கும் சிற்றுணவினும் பெருங்கூட்டத்துக்குச் சிக்கனமானது. இலைக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருபது பேருக்கு 5,000 ரூபாய். பெரும்பாலான உணவகங்களில் சரக்கு, சேவை வரி நூற்றுக்கு ஐந்து. அது 250 ரூபாய். ஆக 5,250 ரூபாய். வண்டியோட்டியையும் சேர்த்தால் 5,512 ரூபாய் 50 காசு. 'சேவைக் கட்டணம்' என்று தனியாக ஒரு தொகையைக் கட்டாயமாகச் சேர்த்தல் கூடாது என்று நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் நெறிமுறை வகுத்திருக்கின்றது. விரும்பினால் கொடுக்கலாம், கேட்டு வாங்க விடுதிக்கு உரிமை இல்லை. குழந்தைகளுக்கு அரை விலை உண்டா, இனிப்பு உள்ளடங்கியதா, மீண்டும் பரிமாறுவரா அல்லது அளவுச் சாப்பாடா என்னும் மூன்றையும் அமருமுன் கேட்டறிதல் நலம். பிரம்மோற்சவம் போன்ற விழா நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் ஊர் நிரம்பி வழியும்; அந்நாட்களில் காலையிலேயே தொலைபேசியில் சொல்லி வைப்போர்க்கு மாலையில் அலைச்சல் இல்லை.

நான்காவதாக ஒன்றும் உண்டு. அதுவே இவ்வரலாற்றின் சாரம் என்று நாம் கருதுகின்றோம். சிறப்பு நாளில் உண்ணும் உணவில் பிறர்க்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நம் முன்னோர் கல்லில் எழுதினர். அவர்கள் பங்கிட்ட முறை குறையுடையது. பலரை அது வெளியே நிறுத்தியது. ஆனால் பங்கிட வேண்டும் என்ற எண்ணம் குறையுடையதன்று. பணம் அளவாகவே உள்ள குடும்பமும் இதனைச் செய்யலாம். இரண்டு கறியைக் குறைத்தால் இரண்டு இலை கூடும். அந்த இரண்டு இலையை வண்டியோட்டிக்கும், சுமை தூக்கி வந்தவருக்கும் இடலாம். அல்லது அன்று பகலில் மலைமேல் அன்னதானக் கூடத்திலேயே அனைவரும் உண்டு, இரவு விருந்துக்கு எண்ணியிருந்த தொகையில் ஒரு பகுதியை அந்த முதலில் சேர்க்கலாம். நம் குழந்தையின் முதல் முடி இறக்கிய நாள், முகமறியாத ஒருவருடைய இலையிலும் நினைவுகூரப்படும்.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்க்கு இது மேலும் பொருந்தும். நாம் ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் அறியாத ஊரில் போய் இறங்கியவர்களே. மொழி தெரியாத நகரில், முதல் மாதச் சம்பளம் வருமுன், நமக்குக் கடனாகச் சோறிட்ட மெஸ்காரரை நாம் மறந்திருக்க மாட்டோம். அவர் மராத்தியராகவோ, கன்னடராகவோ, பஞ்சாபியராகவோ இருந்திருக்கலாம். பெரும்பாணாற்றுப்படையின் பாணன் நடந்த வழியில்தான் நாமும் நடந்து வந்திருக்கின்றோம்.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை வேங்கடத்து அடிவாரத்திலோ, நீங்கள் வாழும் நகரத்திலோ, உங்கள் இல்லத்துச் சிறப்பு நாளுக்கு ஓர் இடம் தேடும்பொழுது, விளக்கொளியையும் மேசை விரிப்பையும் பார்க்குமுன் வாயிற்படியைப் பாருங்கள். நம்முள் மிகவும் தளர்ந்தவரும் மிகவும் எளியவரும் கூசாமல் அதைத் தாண்டக்கூடுமாயின் உள்ளே செல்லுங்கள். இலை போடச் சொல்லுங்கள். பாட்டனார் இலையில் முதலில் இனிப்பு விழட்டும்.